சுயமுன்னேற்ற வகுப்புக்குக் கூப்பிடுகிறார்களா? நெல்லைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணாச்சி, ஒரே ஒரு மூணு நாள் வந்து பாருங்க. அதுக்கப்புறம் நீங்களே வேற ஆளு." இப்படி யாராவது கூப்பிட்டு, போவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இந்த அழைப்பு வராத வாட்ஸ்அப் குரூப் இப்போது குறைவு. கூப்பிடுகிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவருக்கு உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கும். அதே ஹாலில் பக்கத்து நாற்காலியில் இருந்தவரைக் கேட்டால், "காசையும் வாங்கிட்டு அழவும் வச்சு அனுப்புனானுவ" என்பார். அவரும் பொய் சொல்லவில்லை.

ஒரே வகுப்புக்குப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். நடத்தியது ஒரு சின்ன நிறுவனம்; பெயர் வேண்டாம். ஒருவர் தென்காசியில் மரக்கடை வைத்திருக்கிறார். சொத்துப் பிரிவினையில் தம்பியோடு பேச்சு நின்று பல வருஷம். கடைசி நாள் மதியம், "பேசாமல் விட்ட ஒருவருக்கு இப்போதே போன் போடுங்கள்" என்றார்கள். வராண்டாவில் நின்று போட்டார். தம்பி எடுத்ததும் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லையாம். இப்போது குலதெய்வம் கோயில் கொடைக்கு இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போகிறது. இன்னொருவர் பாளையங்கோட்டையில் டீச்சர். கணவர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மனசு மாறட்டும் என்று மதினி பணம் கட்டி அனுப்பினார். மைக்கைக் கையில் கொடுத்து எழுப்பி, "இந்தச் சோகம் நீங்களாகக் கட்டிக்கொண்ட கதை" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார் பயிற்சியாளர். டீச்சர் வீட்டுக்கு வந்து பல இரவு தூங்கவில்லை. கடைசியில் மனநல டாக்டரிடம் போன பிறகுதான் சரியானது.

மரக்கடைக்காரர் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட ஒரு வேலையோடு போனார். அதற்கு யாராவது பின்னால் இருந்து ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்ற நிலை. டீச்சரை அந்த நேரத்தில் யாரும் தள்ளியிருக்கவே கூடாது. இந்த வகுப்புகளைப் பற்றி நேர் எதிராகப் பேசும் பலரின் கதையும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது: எந்த நிலையில் போனார், யார் சொல்லிப் போனார், எப்படிப்பட்டவர் கையில் மைக் இருந்தது. ஆகவே கீழே சொல்வதில் பாதிக்கு மேல் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை.

1. எந்த ரகம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றுக்கும் "கிளாஸ்" என்றே பெயர். உள்ளே போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

பெரிய ஹாலில் நூறு பேருக்கு மேல் உட்கார வைத்து, காலையிலிருந்து இரவு வரை பேச வைக்கும் வகுப்பு ஒரு ரகம். இது பிறந்த இடம் அமெரிக்கா. வெர்னர் எர்ஹார்டு என்பவர் 1971ல் சான் பிரான்சிஸ்கோவில் 'எஸ்ட்' என்ற பயிற்சியைத் தொடங்கினார். இரண்டு வார இறுதிகளில் சுமார் 60 மணி நேரம். நினைத்தபோது பாத்ரூம் போகக்கூட விடமாட்டார்கள் என்பதே அதற்கு ஊரெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்தது. 1980களின் நடுவில் அது 'ஃபோரம்' என்று உருமாறியது. 1991ல் அதன் உரிமையை ஊழியர்கள் வாங்கி நடத்தத் தொடங்கியதுதான் இன்றைய லேண்ட்மார்க். இப்போது கெடுபிடி குறைவு, நடுநடுவே இடைவேளை உண்டு. நம்மூரில் நடக்கும் பல மூன்று நாள் வகுப்புகள் இந்த அச்சில் வார்த்தவைதான், நடத்துகிறவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

மௌன முகாம் வேறு ரகம். எஸ்.என். கோயங்கா பர்மாவில் பிறந்து வளர்ந்து, 1969ல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கிய விபாசனா தியானம் இதில் முக்கியமானது. பத்து நாள் வகுப்பு. விடிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும். போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பத்தாம் நாள்வரை யாரோடும் பேச்சில்லை. முதல் தடவை போகிறவர்களுக்குச் சாயங்காலம் பழமும் டீயும்தான். கட்டணம் கிடையாது, முழு வகுப்பையும் முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். சென்னைத் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது நம்மவர்கள் அதிகம் போகும் மையம். அம்பாசமுத்திரத்து வங்கி ஊழியர் ஒருவர் லீவு சேர்த்து வைத்து மறுபடி மறுபடி போகிறார். திசையன்விளைப் பையன் ஒருவன் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "ஜெயிலு மாதிரி இருந்துச்சு" என்றான். முதுகு வலியும் பேச்சில்லாத தனிமையும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, ஊர் மன்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தருவது. வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த மனவளக்கலை இதற்கு நல்ல உதாரணம். பக்கத்திலேயே காலை வகுப்பு, எளிய உடற்பயிற்சி, தவம், அப்புறம் அகத்தாய்வு. தீவிரமாகப் போக விரும்புகிறவர்கள் பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறில் உள்ள தலைமை மையத்துக்குப் போகிறார்கள். புதியவர்கள் யாராவது என்னைக் கேட்டால் இந்த மெதுவான ரகத்தில்தான் தொடங்கச் சொல்வேன். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் போகாமல் இருந்துவிடலாம். அந்த வசதி மற்ற இரண்டிலும் கிடையாது.

நாலாவது ரகம் வகுப்பே இல்லை. வண்ணார்பேட்டையில் ஏதாவது ஹோட்டல் ஹாலில் "வெற்றிக்கு ஏழு படிகள்" என்று பேனர் இருக்கும், நுழைவு இலவசம், காபி சமோசாவும் உண்டு. ஒரு மணி நேர ஊக்கப் பேச்சு முடிந்ததும் திரையில் வட்டங்களும் கோடுகளும் வரும்: நீங்கள் நடுவில், உங்களுக்குக் கீழே ரெண்டு பேர், அவர்களுக்குக் கீழே நாலு பேர். ஆள் சேர்ப்பதால் மட்டுமே பணம் வரும் திட்டங்களை 1978ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் தடை செய்கிறது. 2021ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடுத் திட்டங்களுக்கு இடம் தரவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

2. உங்கள் நிலையைப் பாருங்கள்

வீட்டில் சாவு, விவாகரத்து, பெரிய கடன், வேலை போனது என்று ஏதாவது நடந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால், தீவிர வகுப்பைத் தள்ளிப்போடுங்கள். அந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

மன அழுத்தம், பைபோலார், மனச்சிதைவு ஆகியவற்றுக்கு இப்போதோ முன்போ சிகிச்சை எடுத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வகுப்பு எதுவானாலும் அன்றே வெளியே வாருங்கள். ஒழுங்காக நடக்கும் இடங்களில் விண்ணப்பத்திலேயே இதைக் கேட்பார்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று "இல்லை" என எழுதாதீர்கள். அந்தக் கேள்வி உங்களைக் காப்பாற்ற வைத்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல்: நீண்ட அமர்வுகளில் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும். இன்சுலின் போடுகிறவர்கள் நேரத்தை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

துக்கம் தாங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்பதுதான் காரணமென்றால் வகுப்பைவிட டாக்டர் செலவு குறைவு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416க்குப் போன் செய்தால் அரசின் டெலி மனஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

3. போய்வந்து நாளானவரைக் கேளுங்கள்

வகுப்பு முடித்து ஒரு வாரமான ஆளிடம் கருத்துக் கேட்காதீர்கள். அப்போது அவர் தரையில் நடக்கமாட்டார். அந்தச் சந்தோஷம் நிஜம்தான், ஆனால் அதில் எவ்வளவு தங்கும் என்பது வேறு கேள்வி. 1989ல் ஜெஃப்ரி ஃபிஷரும் உடன் பணியாற்றியவர்களும் ஃபோரம் போனவர்களைப் போகாதவர்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 'என் வாழ்க்கை என் கையில்' என்ற எண்ணம் மட்டும் கொஞ்ச காலத்துக்குக் கூடியிருந்தது. நீண்ட நாள் கழித்துப் பார்த்தபோது அதுவும் தங்கவில்லை. பெரிய நன்மையும் இல்லை, பெரிய கேடும் இல்லை. மற்ற வகுப்புகளுக்கும் இப்படியேதான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனவரைத் தேடிக் கேட்பதற்கு இது போதுமான காரணம்.

கஷ்டப்பட்டு வாங்கினதை உயர்வாகப் பேசுவதும் மனித சுபாவம். எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1959ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழுவில் சேரச் சில மாணவிகளைக் கடுமையாகக் கூச்சப்பட வைத்தார்கள், சிலரை லேசாக. பிறகு எல்லாரையும் ஒரே சலிப்பூட்டும் உரையாடலைக் கேட்க வைத்தார்கள். அதிகம் கூச்சப்பட்டவர்கள்தான் அந்த உரையாடலை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். நகையை அடகு வைத்து வகுப்புக்குப் போனவர் "வேஸ்ட்" என்று சொல்ல எவ்வளவு யோசிப்பார் என்று நீங்களே பாருங்கள்.

கேட்கும்போது "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "அதற்குப் பிறகு வீட்டில், கடையில் என்ன மாறியது?" என்று கேளுங்கள். முடிந்தால் அவரை விட்டுவிட்டு அவர் வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள். பாதியில் எழுந்து வந்தவர் ஒருவரையும் கட்டாயம் பிடியுங்கள்.

பயிற்சியாளர் எப்படிப் பேசுவார் என்றும் விசாரியுங்கள். லீபர்மேன், யாலோம், மைல்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களை வைத்து, இப்படி மனம் திறந்து பேசவைக்கும் குழுக்களை ஆராய்ந்தார்கள். எந்த முறையில் நடத்துகிறார்கள் என்பதைவிட நடத்துகிறவரின் குணம்தான் கணக்கு என்று தெரிந்தது. ஆளை வசீகரிக்கிற, குத்திப் பேசுகிற, உடனே மாறு என்று நெருக்குகிற தலைவர்களின் குழுக்களில்தான் பாதிப்பு அதிகம். "அவர் திட்டினாத்தான் உறைக்கும்" என்று பெருமையாகச் சொன்னார்கள் என்றால், உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது.

4. பணம் கட்டுமுன் போனில் கேட்க வேண்டியவை

கூச்சப்படாமல் கேளுங்கள். மொத்தம் எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்த்தா? பாதியில் வந்தால் பணம் திரும்புமா, எத்தனை நாளில்? தினமும் எத்தனை மணிக்கு முடியும்? நடுவில் வெளியே போகலாமா? வீடியோ எடுப்பார்களா? இதற்கு மேல் அடுத்த கட்டம் என்று ஏதாவது இருக்கிறதா, அதற்கு எவ்வளவு? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். "வந்து பாருங்க, புரியும்" என்ற பதில் பதிலே இல்லை.

"இன்றைக்குக் கட்டினால் பாதி விலை" என்றால் நாளைக்குக் கட்டுங்கள். இந்தச் சலுகை அடுத்த மாதமும் வரும். தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாமல் நிறுவனத்தின் பெயரில் கட்டி ரசீது வாங்குங்கள். கடன் வாங்கிக் கட்டுவதாக இருந்தால் போகவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

சென்னை வகுப்பு என்றால் பயணத்தையும் கணக்கில் சேருங்கள். லேண்ட்மார்க் ஃபோரம் மூன்று முழு நாளும், பிறகு ஒரு மாலை நேர அமர்வும் கொண்டது. சென்னைக்காரருக்கு அது ஒரு சாயங்காலம். நமக்கு அங்கேயே தங்குவதா, நெல்லை வந்து திரும்பப் போவதா என்ற செலவு. இரவு அமர்வு முடிய நேரமானால், அதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸ் சென்னையை விட்டுக் கிளம்பியிருக்கும். உள்ளூர் வகுப்பிலும் இதே கதைதான்: இரவு வண்ணார்பேட்டையிலிருந்து புதிய பஸ் ஸ்டாண்டு போய், முக்கூடலுக்கோ திசையன்விளைக்கோ பஸ் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் துணைக்கு ஆள் ஏற்பாடு செய்யாமல் போக வேண்டாம்.

5. ஹாலுக்குள்

வீட்டில் ஒருவரிடம் இடம், நேரம், அமைப்பாளர் எண் கொடுத்துவிட்டுப் போங்கள். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதத்தை முழுக்கப் படித்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. சென்னை ஹாலில் நூறு பேரும் ஒருவருக்கொருவர் அந்நியர். இங்கே டீ இடைவேளையில், "எந்த ஊரு? ஆலங்குளமா? யாரு வீடு?" என்று தொடங்கினால் பத்து நிமிஷத்தில் உறவு முறை கண்டுபிடித்துவிடுவார்கள். முந்தின அமர்வில் மைக்கில் நீங்கள் சொன்ன மாமனார் விஷயம், நீங்கள் வீடு சேருமுன் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். "இங்கே பேசுவது இந்தச் சுவரைத் தாண்டாது" என்று உறுதிமொழி வாங்குவார்கள். நெல்லையில் அந்த உறுதிமொழிக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். எனவே மைக் கேட்பதற்கு முன் ஒன்று யோசியுங்கள்: இது என் கதை மட்டும்தானா, இன்னொருவர் மானமும் இதில் இருக்கிறதா? மனைவி, மகள், தங்கை பற்றியது என்றால் வாயைத் திறக்காதீர்கள். எழுதச் சொன்னால் எழுதி, வெளியே வந்து கிழித்துப் போடுங்கள். எழுதுவதில் வரும் பலன் போதும்.

மைக்கை நீட்டினால் "நான் கேட்டுக்கிட்டு இருக்கேன், இப்போ பேச விரும்பல" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வற்புறுத்தினால் அதே வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள். வாதம் செய்யாதீர்கள், வாதத்தில் ஜெயிப்பது அவர்கள் தொழில். எல்லாரும் அழுகிறார்களே, எனக்கு வரவில்லையே என்று தவிக்கவும் வேண்டாம். களைப்பு, போன் இல்லாத தனிமை, இருட்டாக்கிய ஹால், மெல்லிய இசை எல்லாம் சேர்ந்தால் கல்லும் கரையும். கரையாதவருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

சில இடங்களில் கடைசி நாள் தீக்கங்கில் நடக்க வைக்கிறார்கள். அம்மன் கோயிலில் பூக்குழி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைக் காட்டி மலைக்க வைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். காப்புக் கட்டி விரதமிருந்து இறங்குகிற நம் சனங்கள் அதற்குக் கட்டணம் கட்டுவதில்லை. சாம்பல் படிந்த கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், கால் படும் நேரமும் குறைவு. நிற்காமல் நடந்தால் பலருக்கும் ஒன்றும் ஆவதில்லை. நின்றால் சுடும். 2016ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் டோனி ராபின்ஸ் என்ற சுயமுன்னேற்றப் பேச்சாளரின் நிகழ்ச்சியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் தீக்காயம் பட்டது. சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது.

உடம்பு "போதும்" என்றால் எழுந்துவிடுங்கள். 2009ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற சுயமுன்னேற்றப் பயிற்சியாளர் நடத்திய முகாமில், உண்ணாமல் இருந்தவர்களை நீராவிக் கூடாரத்துக்குள் உட்கார வைத்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு 2011ல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. கூடாரத்தின் வாசலை அவ்வப்போது திறந்துதான் விட்டார்கள். தாக்குப்பிடித்தால்தான் வெற்றி என்று கேட்டுக் கேட்டுப் பலர் எழவில்லை. தலைசுற்றல், படபடப்பு, மூச்சு முட்டல் வந்தால் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

6. திரும்பி வந்த இரண்டு வாரம்

கடைசி அமர்வில் எல்லாரும் உச்சத்தில் இருக்கும்போதுதான் அடுத்த கோர்ஸ் விண்ணப்பம் மேஜைக்கு வரும். "மூன்று பேரைக் கூட்டி வாருங்கள்" என்பதும் அப்போதே. ஹாலுக்குள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்பது நம் ஊரில் யாரும் மறுத்துப் பேச முடியாத பதில், அதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு வாரத்துக்கு வேலையை விடுவது, கடையை மாற்றுவது, நிலத்தை விற்பது, பிரிவது என்று எந்தப் பெரிய முடிவும் வேண்டாம். சின்னச் சின்ன நல்ல காரியங்களை உடனே செய்யலாம்: போன் போட்டு மன்னிப்புக் கேட்பது, பாக்கியைக் கொடுப்பது, நடைப்பயிற்சி தொடங்குவது. மரக்கடைக்காரர் செய்தது அந்த மாதிரிதான்.

அப்புறம், வீட்டில் உள்ளவர்களைத் திருத்தப் போகாதீர்கள். வகுப்பில் கற்ற புதுச் சொற்களை வைத்து மனைவியிடம் "நீ இதுல எங்கே மாட்டியிருக்கே தெரியுமா?" என்று ஆரம்பித்தவர்களை அறிவேன். சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்க ரொம்ப நாளானது.

தூக்கமே வராமல் உற்சாகம் பொங்கிக்கொண்டே இருந்தாலும், ஓயாமல் அழுகை வந்தாலும், மூன்று நாலு நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். "அதெல்லாம் மாற்றத்தின் அறிகுறி" என்று வகுப்புக் குரூப்பில் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

7. ஏமாந்ததாகத் தோன்றினால்

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: தேதி, கட்டிய தொகை, சொன்னது என்ன, நடந்தது என்ன, எவ்வளவு திரும்ப வேண்டும். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பதில்கள், கையெழுத்துப் போட்ட காகிதத்தின் போட்டோ மூன்றையும் பிரிண்ட் எடுத்து இணையுங்கள்.